“சாரி?” என்று திருப்பிக் கேட்கிறார்களா: தமிழரின் ஆங்கிலத்தில் கோளாறு கண்டுபிடித்துச் சரிசெய்யும் வழிமுறை

பன்னிரண்டு வருஷம் ஆங்கிலம் படித்து, மின்னஞ்சல் எல்லாம் பிழையில்லாமல் எழுதுகிறவர் கூட போனில் பேசும்போது எதிர்முனை “சாரி?” என்று திருப்பிக் கேட்பதுண்டு. உடனே குரலை உயர்த்துவோம், அல்லது அதே வாக்கியத்தை இன்னும் வேகமாகச் சொல்வோம். இரண்டாலும் பயனில்லை. கோளாறு ஒரு குறிப்பிட்ட ஒலியிலோ, ஒரு குறிப்பிட்ட சொல்லிலோ இருக்கும். அதற்குக் காரணம் பெரும்பாலும் தமிழின் சொந்த விதி ஒன்று. தமிழில் அது நூற்றுக்கு நூறு சரி. ஆங்கிலத்துக்குள் கூடவே வந்துவிடுவதுதான் சிக்கல். எந்த விதி என்று கண்டுபிடித்து அதை மட்டும் நிறுத்தினால் போதும். பேச்சில் தமிழ் வாடை இருப்பது கோளாறே இல்லை, அதைத் துடைத்தெடுக்கப் பாடுபட வேண்டாம்.

முதலில் சோதனை. போன் ரெக்கார்டரில் இரண்டு பதிவு எடுங்கள். ஒன்று, அரைப் பக்கம் வாசிப்பது. மற்றது, நேற்று என்ன செய்தீர்கள் என்று தாள் இல்லாமல் ஒரு நிமிடம் பேசுவது. இரண்டாவதுதான் உங்கள் உண்மையான ஆங்கிலம். பிறகு போனின் குரல்வழித் தட்டச்சைப் பிரிட்டிஷ் அல்லது அமெரிக்க ஆங்கிலத்துக்கு மாற்றி, சந்தேகமுள்ள சொற்களை ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். முழு வாக்கியமாகச் சொன்னால் சுற்றியுள்ள சொற்களை வைத்து அது ஊகித்துவிடும், குறை மறைந்துவிடும். எது தப்பாக விழுகிறதோ, கீழே அந்த அறிகுறிக்குப் போங்கள்.

அறிகுறி: சொல்லின் கடைசியில் ஒரு ‘உ’ ஒட்டிக்கொள்கிறது

பஸ்ஸு, கேட்டு, புக்கு, கப்பு. தமிழ்ச் சொல் வல்லின மெய்யில் முடியாது. பாட்டு, நாக்கு, பருப்பு என்று குற்றியலுகரம் வந்து தாங்கிக்கொள்ளும். ஆங்கிலத்தில் அப்படி முடியும் சொற்கள் ஏராளம். நாம் உகரம் சேர்த்ததும் ஓரசைச் சொல் ஈரசையாகிறது, கேட்பவர் வேறு ஏதோ சொல்லைத் தேடுகிறார்.

‘கப்’ என்று சொல்லி உதட்டை மூடியபடியே ஒரு விநாடி நிறுத்துங்கள். பிறகு குரல் இல்லாமல் திறங்கள். தொண்டையில் விரல் வைத்துப் பார்த்தால், உதடு மூடிய பிறகு அதிர்வு இருக்கக் கூடாது. அடுத்த சொல் உயிரில் தொடங்கினால் வேலை இன்னும் சுலபம்: தமிழ்ப் புணர்ச்சியில் மெய்யின் மேல் உயிர் ஏறுவது போலவே ஏற்றிவிடுங்கள். ‘கப் ஆஃப் டீ’ என்பதைக் ‘க-பஃப்-டீ’ என்று சேர்த்துச் சொல்வதுதான் இயல்பான ஆங்கிலம். இங்கே தமிழ் விதி நமக்குத் துணைக்கு வருகிறது.

இதே இடத்தில் இறந்தகால வினைகளையும் சரிபாருங்கள். எழுத்தில் ஒரே ‘இ-டி’ விகுதிதான், ஒலியில் மூன்று. குரல் அதிராத ஒலிக்குப் பின் ‘ட்’ என்று வெறும் காற்று: வாக்ட், ஹெல்ப்ட், ஆஸ்க்ட். அதிரும் ஒலிக்குப் பின் குரலோடு கூடிய மென்மையான ‘ட்’: பிளேட், கால்ட். ஏற்கெனவே டி (D) அல்லது டீ (T) ஒலியில் முடியும் வினைக்கு மட்டும் தனி அசையாக ‘இட்’: வான்டிட், நீடிட். ‘ஆஸ்கெட்’, ‘ஹெல்ப்பெட்’ என்று அசை கூட்டுவதும் தப்பு. விகுதியை விழுங்கிவிட்டு நேற்று நடந்ததை இன்று நடப்பதாகச் சொல்வதும் தப்பு.

அறிகுறி: சொல்லின் தொடக்கத்தில் ‘ய’வும் ‘வ’வும் முளைக்கின்றன

எட்டு என்று எழுதி யெட்டு என்கிறோம், ஒண்ணு என்று எழுதி வொண்ணு என்கிறோம். அந்தப் பழக்கம்தான் யெக்ஸாம், யெம்.யெல்.ஏ., வோன்லி, வோப்பன். சொல்லுக்கு முன் ஒரு ஹகரம் போட்டு ‘ஹெ-ஹெக்ஸாம்’ என்று இரண்டு தடவை சொல்லுங்கள்; பிறகு ஹகரத்தை விட்டுவிடுங்கள். தொண்டை திறந்தே இருப்பதால் யகரம் நுழைய வழியில்லை. நேர்மாறான கோளாறும் உண்டு: ஆண்டைக் குறிக்கும் சொல்லுக்கு யகரம் வேண்டும், காதைக் குறிக்கும் சொல்லுக்குக் கூடாது. இரண்டையும் ‘இயர்’ என்றே சொன்னால் பேதம் போய்விடும்.

அறிகுறி: குண்டூசி கேட்டால் குப்பைத்தொட்டி வருகிறது

தமிழில் இரண்டையும் ‘பின்’ என்றுதான் எழுத முடியும். நம் எழுத்து இந்தப் பேதத்தைக் காட்டாது, ஏனென்றால் தமிழுக்கு அது தேவையில்லை. ஒலி வலிதா மெலிதா என்பதை வரும் இடமே சொல்லிவிடும்.

ஆங்கிலக் காது இந்த இரண்டையும் பிரித்தறிவது பெரும்பாலும் காற்றை வைத்து. ஊசியைச் சொல்லும்போது உதடு திறந்ததும் ஒரு மூச்சு வெளியே பாய வேண்டும். மெல்லிய தாள் துண்டை உதட்டுக்கு முன் நான்கு விரல் தள்ளிப் பிடியுங்கள். ஊசிக்குத் தாள் ஆட வேண்டும், தொட்டிக்கு ஆடக் கூடாது. சொல்லின் தொடக்கத்தில் வரும் பி, டீ, கே மூன்றுக்கும் இதே கணக்கு. ஆனால் முன்னால் ‘ஸ்’ இருந்தால் காற்று வேண்டாம்: ஸ்பூன், ஸ்டாப், ஸ்கை ஆகியவற்றில் நம் தமிழ் வல்லினமே அப்படியே பொருந்தும்.

சொல்லின் நடுவில் வேறொரு கோளாறு. ஒற்றை வல்லினம் உயிர்களுக்கு நடுவில் மெலிந்துவிடும் என்பதால் நாம் அதை இரட்டித்துப் பாதுகாக்கிறோம்: ஹாப்பி, சிட்டி, பட்டர். ஆங்கிலத்தில் ஒரே சொல்லுக்குள் பெரும்பாலும் இரட்டிப்பு ஒலி கிடையாது. எழுத்து இரட்டித்திருப்பது முன்னால் உள்ள உயிர் குறுகியது என்று காட்டத்தான். இராச் சாப்பாட்டைக் குறிக்கும் ‘டின’ருக்கு இரண்டு என் எழுத்து, சாலையோர உணவகமான ‘டைன’ருக்கு ஒன்று. உதடு மூடியிருக்கும் நேரத்தைப் பாதியாக்குங்கள், ஆனால் குரலை நுழையவிடாதீர்கள்.

அறிகுறி: எஃப், வி, டபிள்யூ, இசட், டி-ஹெச் (TH) குழம்புகின்றன

எஃப் ஒலிக்கு மேல்பல் கீழுதட்டைத் தொட வேண்டும், காற்று கசிய வேண்டும். கண்ணாடியில் பாருங்கள், பல் தெரியாவிட்டால் நீங்கள் சொல்வது பகரம்தான். அதே நிலையில் குரலைச் சேர்த்தால் வி. டபிள்யூவுக்குப் பல்லே வேண்டாம், ‘ஊ’ சொல்வது போல் உதட்டைக் குவித்துத் திறக்க வேண்டும். நம் வகரம் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ‘வெரி வெல்’ நல்ல பயிற்சி: முதல் சொல்லில் பல், இரண்டாவதில் குவிந்த உதடு.

இசட் ஒலியை நாம் ஒன்று ‘ஸ்’ ஆக்குகிறோம், இல்லை ‘ஜ’ ஆக்கி ஜீரோ என்கிறோம். ‘ஸ்ஸ்ஸ்’ என்று இழுத்தபடியே தொண்டையில் அதிர்வைக் கூட்டுங்கள், வண்டு ரீங்காரம் வரும், அதுதான். பனிக்கட்டிக்கும் கண்களுக்கும் தமிழில் ஒரே எழுத்து, ‘ஐஸ்’. இதற்கு ஒரு நல்ல குறுக்குவழி உண்டு: கண்களைச் சொல்லும்போது ‘ஐ’யை இழுங்கள், பனிக்கட்டிக்கு வெட்டுங்கள். கடைசி ஒலி சற்றுப் பிசகினாலும் உயிரின் நீளத்தை வைத்தே கேட்பவர் பிடித்துக்கொள்வார். விலைக்கும் பரிசுக்கும் உள்ள ‘பிரைஸ்’ பேதமும் இப்படித்தான். இஸ், வாஸ், ஹிஸ், பிகாஸ் எல்லாமே ரீங்காரத்தில் முடிபவை.

டி-ஹெச்சுக்காகப் பலர் நாக்கை வெளியே நீட்டி அவதிப்படுகிறார்கள். தேவையில்லை. ‘அது’ என்று மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். நடுவில் வரும் ‘து’வில் நாக்கு பல்லை முழுக்க அடைப்பதில்லை, காற்று கசிகிறது. தே, திஸ், தட் ஆகியவற்றுக்கு அந்தத் தகரம்தான் வேண்டும். குரலை நிறுத்திக் காற்றை மட்டும் விட்டால் திங்க், த்ரீ. இது வராவிட்டாலும் சாதாரணத் தகரத்தை எங்கும் புரிந்துகொள்வார்கள். ஆகவே இதைக் கடைசி வேலையாக வைத்துக்கொள்ளுங்கள்.

டகரம் பற்றி ஒரு குறிப்பு. நம் ‘ட’வுக்கு நாக்கு நுனி பின்னால் வளைகிறது. ஆங்கிலத்தில் அது மேல்பல்லுக்குப் பின்னுள்ள ஈறு மேட்டைத் தொட்டால் போதும். இலங்கைத் தமிழர் ரொறன்ரோ, ரிக்கற் என்று எழுதுவது இதனால்தான். அவர்கள் பேச்சில் ‘ற்ற’வும் ‘ன்ற’வும் அந்த மேட்டில்தான் பிறக்கின்றன. யாழ்ப்பாணத்தார் ‘காற்று’ சொல்வதைக் கேட்டுப் பழகினால் ஆங்கில டீ எழுத்தின் இடம் பிடிபடும்.

அறிகுறி: எல்லா ஒலியும் சரி, ஆனாலும் புரியவில்லை

இதுதான் பெரிய கோளாறு. அதிகம் கவனிக்கப்படாததும் இதுவே. நேரம் குறைவாக இருந்தால் மேலே சொன்னவற்றைத் தள்ளிவைத்துவிட்டு இதில் இறங்குங்கள்.

தமிழில் அசைகளுக்கு ஏறக்குறைய சம எடை. ஆங்கிலத்தில் ஒரு சொல்லில் ஓர் அசை ஓங்கும், மற்றவை சுருங்கும். கேட்பவர் அந்த ஓங்கிய அசையைப் பிடித்துத்தான் சொல்லை அடையாளம் காண்கிறார். ‘டெவலப்’ என்று முதல் அசையை அழுத்தினால் அவருக்கு அது தெரியாத சொல். ‘டி-வெ-லப்’ என்று நடு அசை ஓங்க வேண்டும். ஹோட்டல் இல்லை, ‘ஹோ-டெல்’. போலீஸ் இல்லை, ‘ப-லீஸ்’. ஈவன்ட் இல்லை, ‘இ-வென்ட்’.

ஓங்குவது என்றால் கத்துவது இல்லை. அசை நீள வேண்டும், சுருதி சற்று உயர வேண்டும், கொஞ்சம் உரக்க வேண்டும். ரப்பர் பேண்டை இரு கட்டைவிரலில் மாட்டி, ஓங்கும் அசையில் மட்டும் இழுத்து, மற்றவற்றில் தளர்த்துங்கள். கை செய்வதை வாய் பின்பற்றும்.

மீதி அசைகளைச் சுருக்குவது இன்னும் முக்கியம். குற்றியலுகரத்துக்கு அரை மாத்திரைதானே? அதே அரை மாத்திரையில் ஓர் அகரத்தைச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் மிக அதிகமாக வரும் உயிர் அதுதான். ‘பனானா’வில் மூன்று ‘ஏ’ எழுத்து, ஆனால் முழு உயிர் நடுவில் ஒன்றுதான். ‘கம்ஃபர்டபிள்’ சொல்ல நான்கு அசை வேண்டாம், ‘கம்ஃப்-ட-பிள்’. வெஜிடபிளும் ‘வெஜ்-ட-பிள்’ தான்.

எந்த அசை ஓங்கும் என்று ஒவ்வொன்றாக மனப்பாடம் செய்ய வேண்டாம், ஒரு பகுதிக்கு விதி உண்டு. ‘ஷன்’, ‘இக்’ என்று முடியும் பெரும்பாலான சொற்களில் அதற்கு முந்தைய அசை ஓங்கும்: எஜு-கே-ஷன், எக-நா-மிக். ‘இட்டி’, ‘லஜி’, ‘கிரஃபி’ என்று முடிந்தால் கடைசியிலிருந்து மூன்றாவது: அ-பி-லிட்டி, ஃப-டாக்-ரஃபி. எழுத்தில் ஒன்றாக இருந்தும் பெயருக்கு முதல் அசையும் வினைக்கு இரண்டாம் அசையும் ஓங்கும் சொற்கள் உண்டு: ரெக்கார்ட், எக்ஸ்போர்ட், பெர்மிட். மற்றவற்றுக்கு அகராதியைப் பாருங்கள். ஓங்கும் அசைக்கு முன்னால், மேல்பக்கம் ஒரு சின்னச் செங்குத்துக் கோடு இருக்கும்.

இதில் பணமும் நேரமும் நஷ்டமாகும் இடம் எண்கள். பதின்மூன்றும் முப்பதும், பதினைந்தும் ஐம்பதும். ‘டீன்’ என்று முடிவதில் கடைசி அசையை நன்றாக இழுங்கள். ‘டி’ என்று முடிவதில் முதல் அசையை ஓங்கிக் கடைசியை வெட்டுங்கள்.

இன்னொன்று, ‘கேன்’. “ஐ கேன் கம்” என்று கேனை அழுத்தினால், வர முடியாது என்று சொன்னதாகப் பலர் கேட்பார்கள், முக்கியமாக அமெரிக்கர்கள். முடியும் என்பதற்கு அதைச் சுருக்கிக் ‘கன்’ ஆக்கி எடையை வினையில் வையுங்கள்: ‘ஐ கன் கம்’. முடியாது என்பதற்கு அதை ஓங்கி நீட்டுங்கள். டு, ஃபார், ஆஃப், அன்ட் போன்ற சில்லறைச் சொற்கள் எல்லாமே வாக்கியத்தின் நடுவில் இப்படித்தான் சுருங்கும்.

அறிகுறி: எழுத்தைப் பார்த்துச் சொன்னேன், தப்பாகிவிட்டது

அடிக்கடி மாட்டும் சில மட்டும். ரசீதில் ‘பி’ ஒலிக்காது, ‘ரி-சீட்’. கடனில் ‘பி’ இல்லை, ‘டெட்’. குழாய் வேலைக்காரர் ‘பிளமர்’. தீவு ‘ஐலன்ட்’. சாமன் மீனில் ‘எல்’ கிடையாது. இஸ்திரிப் பெட்டி ‘ஐ-யன்’. புதைப்பது ‘பெரி’. பெண்கள் ‘விமின்’. உடைகளைச் சொல்ல ‘குளோத்தெஸ்’ என்று திணற வேண்டாம், மூடுவதைக் குறிக்கும் ‘குளோஸ்’ போலவே சொன்னால் போதும்.

அறிகுறி: இன், ஆன், அட் எங்கே என்று தெரியவில்லை

தமிழின் ‘இல்’ ஒன்றே மூன்று வேலையும் பார்க்கிறது: பெட்டியில், சுவரில், பஸ் ஸ்டாப்பில். தமிழில் யோசித்து மொழிபெயர்த்தால் எப்போதும் ‘இன்’ தான் வரும். ஆகவே ‘இல்’லை மொழிபெயர்க்காமல் இடத்தைப் பாருங்கள். சுற்றிலும் அடைப்பு இருந்தால் இன். ஒரு பரப்பில் ஒட்டியோ தங்கியோ இருந்தால் ஆன். வரைபடத்தில் ஒரு புள்ளி என்றால் அட். பெட்டி இன், சுவர் ஆன், ஸ்டாப் அட். மூன்றாம் மாடியும் ஆன்தான்.

வண்டிகளில் குழப்பம் வரும். உள்ளே நின்று நடக்க இடமுள்ள பஸ், ரயில், கப்பல், விமானம் எல்லாம் ஆன். குனிந்து நுழைந்து உட்காரும் கார், டாக்ஸி, ஆட்டோ எல்லாம் இன். பைக்கும் சைக்கிளும் ஆன், மேலே உட்காருகிறோமே.

நேரத்துக்கு: மணி என்றால் அட், நாள் என்றால் ஆன், மாதமும் வருஷமும் இன். காலையில் என்பது இன் த மார்னிங். ஆனால் கிழமை சேர்ந்துவிட்டால் ஆன் மண்டே மார்னிங். இரவு மட்டும் அட் நைட். நெக்ஸ்ட், லாஸ்ட், திஸ், எவ்ரி முன்னால் வந்தால் எதுவும் வேண்டாம்: ‘ஆன் நெக்ஸ்ட் மண்டே’ என்பதில் ஆனை எடுத்துவிடுங்கள்.

பை, டில் இரண்டும் தமிழில் சுத்தமாகப் பிரிந்தே இருக்கின்றன. ‘அஞ்சு மணிக்குள் முடி’ என்றால் பை ஃபைவ். ‘அஞ்சு மணி வரை இரு’ என்றால் டில் ஃபைவ். அதேபோல் ‘ரெண்டு வருஷமா’ என்ற அளவுக்கு ஃபார், ‘2020-லிருந்து’ என்ற தொடக்கத்துக்கு சின்ஸ். ஆனால் வினையையும் மாற்ற வேண்டும். ‘ரெண்டு வருஷமா வேலை பார்க்கிறேன்’ என்று தமிழில் நிகழ்காலம் சரி. ஆங்கிலத்தில் ‘ஐ ஆம் ஒர்க்கிங் சின்ஸ் டூ இயர்ஸ்’ சரியில்லை, ‘ஐ ஹேவ் பீன் ஒர்க்கிங் ஃபார் டூ இயர்ஸ்’.

அறிகுறி: தேவையில்லாத இடத்தில் ஒன்று ஒட்டிக்கொள்கிறது

‘டிஸ்கஸ் அபௌட்’ இதில் முதலிடம். ‘அதைப் பற்றி விவாதித்தோம்’ என்பதிலுள்ள ‘பற்றி’ அப்படியே வருகிறது. இன்னொரு காரணமும் உண்டு: ‘டிஸ்கஷன் அபௌட்’ சரி, ‘ரிக்வெஸ்ட் ஃபார்’ என்று பெயராக வந்தால் சரி. வினையாக மாறியதும் ஒட்டு உதிர்ந்துவிடும்: வீ டிஸ்கஸ்ட் இட், ஐ ரிக்வெஸ்டட் எ ரூம். மென்ஷன், என்டர், ரீச், கான்டாக்ட், ஆன்சர், மேரி ஆகியவையும் நேராகவே செயப்படுபொருளைத் தொடும். ஹோம், ஹியர், தேர், அப்ராட் ஆகியவற்றுக்கு முன் ‘டு’ வராது.

நேர்மாறாக நாம் விட்டுவிடுபவை: லிசன் டு மீ, எக்ஸ்பிளெய்ன் டு மீ, வெயிட் ஃபார் மீ. வேற்றுமை உருபு ஏமாற்றுபவை: என் மேல் கோபம், ஆங்ரி வித் மீ. கணக்கில் கெட்டி, குட் அட் மேத்ஸ். அவரோடு கல்யாணம், மேரீட் டு ஹிம். இவற்றைத் தனித்தனியாக எழுதாமல் வினையோடு சேர்த்து ஒரே சொல்லாக நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

அறிகுறி: சொல் தெரியும், ஆனால் தப்பான சொல்லைப் போடுகிறேன்

‘போடு’ என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். லைட்டைப் போடு, டர்ன் ஆன். காபி போடு, மேக். சட்டை போடு, புட் ஆன். லீவு போடு, டேக். கையெழுத்துப் போடு, சைன். ஊசி போடு, கிவ். ‘பார்’ அதற்குச் சளைத்ததில்லை: டிவி என்றால் வாட்ச், டாக்டர் என்றால் சீ, பலகை என்றால் லுக் அட், குழந்தை என்றால் லுக் ஆஃப்டர். வினையைத் தனியாகப் படித்தால் இது தீராது. பொருளோடு சேர்த்து, ‘டேக் எ டேப்ளட்’, ‘டேக் லீவ்’ என்று முழுத் துண்டாகப் படியுங்கள்.

வெளிநாட்டு மருத்துவமனையில் இது விளையாட்டில்லை. ‘கால்’ என்று நாம் சொல்வதில் லெக்கும் ஃபுட்டும் அடக்கம். கணுக்காலுக்குக் கீழே ஃபுட், மேலே லெக். ‘கை’யும் அப்படியே: மணிக்கட்டுக்குக் கீழே ஹேண்ட், மேலே ஆர்ம். கால்விரல் ஃபிங்கர் ஆகாது, டோ. சுகர் இருக்கிறது என்றால் குழம்புவார்கள். டயபிடீஸ் என்று சொல்லுங்கள். லூஸ் மோஷனுக்கு டயரியா.

வேறொரு வகை, இந்தியாவில் முழுக்கச் சரியாகவும் வெளியே புரியாமலும் போகும் சொற்கள். அவுட் ஆஃப் ஸ்டேஷனுக்கு அங்கே அவுட் ஆஃப் டவுன். ஜெராக்ஸுக்கு போட்டோகாப்பி. டிக்கிக்குப் பிரிட்டனில் பூட், அமெரிக்காவில் ட்ரங்க். காட் வேண்டும் என்று பிரிட்டனில் கேட்டால் குழந்தைத் தொட்டில் வந்து சேரும், பெட் என்று கேளுங்கள். ஸ்டெப்னிக்கு ஸ்பேர் வீல். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேல்ஸின் லானெல்லி ஊரில் தயாரான உபரிச் சக்கரத்தின் வணிகப் பெயர் அது. இங்கே நிலைத்தது, பிரிட்டனில் வழக்கொழிந்தது.

புதுச் சொல் நிலைக்க, ஒரு நாளைக்கு ஐந்து துண்டுகளுக்கு மேல் எடுக்காதீர்கள். ஒவ்வொன்றையும் உங்கள் வேலையில் உண்மையிலேயே சொல்லக்கூடிய வாக்கியமாக எழுதி, உரக்கச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். மறுநாள், மூன்றாம் நாள், ஒரு வாரம் கழித்து என்று நோட்டைப் பார்க்காமல் சொல்லிப் பாருங்கள். வாய் தடுமாறும் துண்டை மட்டும் அடுத்த வாரப் பட்டியலுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.